இடது மார்பகம், மார்பகம் காக்கும் அறுவைக்குப் பின்: ஃபீல்டு-இன்-ஃபீல்டா, ஹைப்ரிடா, வி-மேட்டா?

தொடுகோடு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மார்பகப் புற்றுநோய் நோயாளி ஒருவருக்கு ஒரே சி.டி.யில் மூன்று கதிர்வீச்சுப் பிளான் போட்டிருக்கிறேன். எதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போவது என்று முடிவுக்கு வர முடியவில்லை.

நோயாளிக்கு 38 வயது. இடது மார்பகம், மேல்-வெளிப் பகுதி. கட்டி 2 செ.மீ.க்குள், நெறிக்கட்டில் பரவல் இல்லை, அறுவை விளிம்பு சுத்தம். கட்டியை எடுத்த குழியில் அடையாளத்துக்கு 5 கிளிப் இருக்கிறது. குழி தோலிலிருந்து 4.5 செ.மீ. ஆழம் வரை போகிறது. முழு மார்பகத்துக்கு 40 கிரே (கதிர் டோஸின் அலகு), தவணைக் கணக்கில் 15 பிராக்‌ஷன். அதன் பின் பூஸ்ட் (குழிக்கு மட்டும் கூடுதல் டோஸ்). சி.டி. சாதாரண மூச்சில், பிரெஸ்ட் போர்டில் எடுத்தது. செப்பரேஷன் (மார்பகத்தின் உள், வெளி விளிம்புகளுக்கு இடையிலான அகலம்) 23 செ.மீ. டேன்ஜென்ட் ஃபீல்டுக்குள் (மார்புச் சுவரை ஒட்டிச் சாய்வாகப் போகும் கதிர்ப் பரப்புக்குள்) இதயம் அதிகபட்சம் 1.6 செ.மீ. வருகிறது.

ஃபீல்டு-இன்-ஃபீல்டு (பெரிய ஃபீல்டுக்குள் சிறிய சப்-ஃபீல்டுகளைச் சேர்ப்பது), 6 எம்.வி. (கதிரின் ஆற்றல்): 95% டோஸ் போய்ச் சேரும் கன அளவு 93%. ஹாட்ஸ்பாட் (டோஸ் மிக அதிகமாகும் இடம்) 109%. இதயச் சராசரி 4.1 கிரே, எல்.ஏ.டி. (இதயத்தின் முன்பக்கத் தமனி) சராசரி 19 கிரே, இடது நுரையீரல் வி5 (5 கிரேயோ அதற்கு மேலோ வாங்கும் பங்கு) 27%, வலது மார்பகச் சராசரி 0.5 கிரே.

வி-மேட் (கதிர்த் தலை சுழன்றபடியே கதிர் கொடுப்பது), இரண்டு பகுதி ஆர்க்: கவரேஜ் 97%, ஹாட்ஸ்பாட் 106%. இதயம் 4.8, எல்.ஏ.டி. 11, நுரையீரல் வி5 62%, வலது மார்பகம் 3.6 கிரே.

ஹைப்ரிட், 75% திறந்த டேன்ஜென்ட், 25% ஐ.எம்.ஆர்.டி. (கதிரின் செறிவை இடத்துக்கு இடம் மாற்றிக் கொடுப்பது): கவரேஜ் 96%, ஹாட்ஸ்பாட் 107%. இதயம் 4.0, எல்.ஏ.டி. 17, வி5 33%, வலது மார்பகம் 1.1 கிரே.

கவரேஜும் எல்.ஏ.டி.யும் பார்த்தால் வி-மேட். வி5 பார்த்தால் ஃபீல்டு-இன்-ஃபீல்டு. இதில் எந்த எண்ணுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது? ஃபீல்டு-இன்-ஃபீல்டில் 109%-ஐ இன்னும் இறக்க வழி உண்டா?

---

கேண்ட்ரி305

மூன்று பிளானுக்கும் பொதுவான குறை ஒன்று இருக்கிறது. மூன்றுமே சாதாரண மூச்சில் எடுத்த சி.டி.யில் போட்டவை. இதயம் 1.6 செ.மீ. உள்ளே வரும் இடது மார்பகத்தில் நுட்பத்தை ஒப்பிடுவதற்கு முன் மூச்சைப் பிடிக்க வைத்து மறு சி.டி. எடுங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கும்போது நுரையீரல் விரிந்து, இதயம் மார்புச் சுவரை விட்டுப் பின்னாலும் கீழாகவும் விலகும். பெரும்பாலானவர்களுக்கு இதயச் சராசரி ஏறக்குறைய பாதியாகிவிடும். இந்த அளவு இறக்கத்தை பிளானைத் தானாகச் சீராக்கும் எந்த ஆப்டிமைசராலும் தர முடியாது.

எண்களின் மதிப்புக்கு வருவோம். சுவீடன், டென்மார்க் பெண்களை வைத்து 2013-இல் வெளியான ஆய்வில், இதயச் சராசரி டோஸ் 1 கிரே கூடினால் பெரிய இதயத் தமனிச் சிக்கல்கள் 7.4% கூடின. இதற்குக் கீழே ஆபத்தில்லை என்று சொல்லும்படியான வரம்பு எதுவும் அதில் தெரியவில்லை. 2 கிரே குறைத்தால் சுமார் 15% என்று ஆகிறது. இது ஒப்பீட்டு விகிதம். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் இருப்பவருக்கு அடிப்படை ஆபத்தே அதிகம் என்பதால் அதே 15% அவருக்குப் பெரிய எண்ணாகிவிடும்.

உங்கள் அட்டவணையில் என்னை நிறுத்தியது வலது மார்பகத்தின் 3.6 கிரே. இவருக்கு 38 வயது. வீகேர் ஆய்வில், 40 வயதுக்குள் சிகிச்சை பெற்று, மறு மார்பகத்தின் ஒரு கால்பகுதியில் 1 கிரேக்கு மேல் வாங்கியவர்களுக்கு அந்தப் பகுதியில் புதிய புற்றுநோய் வரும் ஆபத்து, கதிர் படாதவர்களைப் போல 2.5 மடங்கு. 40-ஐத் தாண்டியவர்களிடம் அப்படி ஒரு உயர்வு தெரியவில்லை. 65 வயதுக்காரர் என்றால் 3.6-ஐப் பற்றிப் பேசி முடிவெடுக்கலாம். 38 வயதில், நெறிக்கட்டுக்குக் கதிர் தேவைப்படாத நிலையில், கவரேஜை 93-இலிருந்து 97 ஆக்குவதற்காக அதை விலையாகக் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மேலும், அந்த 93% உண்மையான குறையா என்று முதலில் பாருங்கள். டோஸ் சேரவேண்டிய இலக்கான பி.டி.வி.யைத் தோலிலிருந்து 5 மி.மீ. உள்ளே வெட்டிவிட்டு அளந்தீர்களா? வெட்டாவிட்டால் 6 எம்.வி.யின் பில்ட்-அப் பகுதி (தோலுக்குக் கீழே டோஸ் இன்னும் உச்சத்துக்கு ஏறாத பகுதி) அப்படியே கணக்கில் வரும். டேன்ஜென்ட் பிளான் அதில் குறைந்துதான் தெரியும். வி-மேட்டிலோ ஆப்டிமைசர் அந்த விளிம்பில் ஃப்ளூயன்ஸை (கதிரின் செறிவை) ஏற்றி எண்ணைச் சரிக்கட்டிவிடும். இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்ததாக ஆகாது. நார்மலைசேஷனும் (100% எது என்று நிர்ணயிப்பது) அப்படித்தான். ஒன்றைப் புள்ளிக்கும் இன்னொன்றைக் கன அளவுக்கும் நார்மலைஸ் செய்திருந்தால் 109-க்கும் 106-க்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பகுதி அங்கிருந்தே வந்திருக்கும்.

---

தொடுகோடு

மிக்க நன்றி சார். பி.டி.வி.யை 3 மி.மீ. மட்டும்தான் வெட்டியிருந்தேன். 5 ஆக்கியதும் ஃபீல்டு-இன்-ஃபீல்டு கவரேஜ் 95%-ஐத் தொட்டது. மூச்சுப் பிடிப்பு சி.டி.க்கு டாக்டரிடம் பேசிவிட்டேன். மூச்சைப் பார்த்துக் கதிரைத் தானாக நிறுத்தித் தொடங்கும் கேட்டிங் கருவி எங்களிடம் இல்லை. அது இல்லாமல் செய்ய முடியுமா?

---

பிளான்ரூம்

ஹாட்ஸ்பாட் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு யாரும் இன்னும் பதில் தரவில்லை.

திறந்த டேன்ஜென்டிலேயே வேலையைத் தொடங்குங்கள். பின் எல்லை இரண்டு ஃபீல்டுக்கும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஃபீல்டின் எல்லையை வைக்கும் உலோகத் தடுப்பான பின் ஜாவைப் பூஜ்யத்தில் வைத்து அரை ஃபீல்டாகப் போட்டால் கதிர்த் தலையைச் சுழற்றும் கேண்ட்ரியின் கோணம் சரியாக எதிரெதிர்: 305, 125 பாகை. கேண்ட்ரி சுழலும் மையமான ஐசோசென்டரை மார்பகத்தின் நடுவில் வைத்து 10 செ.மீ. அகல ஃபீல்டு போட்டால் ஒவ்வொரு பக்கமும் கதிர் விரிவு சுமார் 3 பாகை. அப்போது 302, 128 என்று மாறும். முன்பக்கமாக அளந்தால் இடைக்கோணம் 186. இந்த 6 பாகையை விட்டுவிட்டால் இரண்டு ஃபீல்டின் பின் விளிம்பும் நுரையீரலுக்குள் தனித்தனியாக விரியும். பிறகு வி20 ஏன் இறங்கவில்லை என்று எங்கெங்கோ தேடிக்கொண்டிருப்போம்.

திறந்த ஃபீல்டு இரண்டையும் சம எடையில் கணக்கிட்டு, உள்பக்க ஹாட்டும் வெளிப்பக்க ஹாட்டும் ஒரே உயரத்துக்கு வரும்வரை எடையை மாற்றுங்கள். இதைச் செய்யாமல் சப்-ஃபீல்டுக்குப் போனால், எடையால் தீரவேண்டிய வித்தியாசத்தை எம்.எல்.சி.யால் (கதிரை மறைக்கும் உலோக இலைகளால்) தீர்க்கப் பார்ப்பீர்கள். நார்மலைசேஷன் புள்ளி மார்பகத் திசுவுக்குள், நுரையீரல் விளிம்பிலிருந்து 1.5–2 செ.மீ. தள்ளி இருக்கட்டும். அந்தப் புள்ளியை எந்தச் சப்-ஃபீல்டின் இலையும் மறைக்கக் கூடாது. மறைத்தால் நார்மலைசேஷன் மொத்த டோஸையும் தூக்கிவிடும்; ஹாட்டைக் குறைக்கப் போட்ட சப்-ஃபீல்டே ஹாட்டைக் கூட்டிவிடும்.

பிறகு டோஸ் மேகத்தை (குறிப்பிட்ட டோஸுக்கு மேல் வாங்கும் இடத்தின் படத்தை) அதிகபட்சத்துக்குக் கொஞ்சம் கீழே வையுங்கள், உதாரணமாக 110%-இல். பீம்ஸ் ஐ வியூவில் (கதிரின் பக்கமிருந்து பார்க்கும் படத்தில்) அந்த மேகம் மார்பக மடிப்பிலும் அக்குள் பக்க வாலிலும் காம்பை ஒட்டியும் தெரியும். திசு மெலிந்த இடங்கள் அவை. ஒரு பக்க ஃபீல்டை நகலெடுத்து, மேகத்தை இலைகளால் மறைத்து, 4–6% எடை கொடுத்துக் கணக்கிடுங்கள். அடுத்த சப்-ஃபீல்டு எதிர்ப் பக்கத்தில்: மேகத்தை 107-க்கு இறக்கி மறுபடி மறைக்கவும். அதற்கடுத்தது 105. பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நான்கு சப்-ஃபீல்டு பொதுவாகப் போதும். ஒவ்வொன்றும் 5 எம்.யூ.க்குக் (மெஷின் கதிரை அளந்து கொடுக்கும் அலகு) குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; அதற்குக் கீழே மெஷினின் டோஸ் நேர்விகிதத்தை நம்பிப் பிளான் போடக் கூடாது. இரண்டு பக்கச் சப்-ஃபீல்டு விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் சில மி.மீ. தள்ளி வையுங்கள்.

செப்பரேஷன் 23 என்பதால் 6 எம்.வி. மட்டும் வைத்து 107-க்குக் கீழே வருவது கடினம். திறந்த ஃபீல்டு எடையில் 20–30%-ஐ 10 எம்.வி.க்கு மாற்றிப் பாருங்கள். ஓரங்களில் உள்ள ஹாட் உடனே இறங்கும். 15 எம்.வி. வேண்டாம்: அதன் உச்ச டோஸ் ஆழம் சுமார் 3 செ.மீ.; தோலுக்குக் கீழே உள்ள திசு குளிர்ந்துபோகும், அறுவைத் தழும்பும் அங்கேதான் இருக்கிறது.

கதிரைச் சாய்வாகக் குறைக்கும் ஆப்பான வெட்ஜ் பற்றி ஒரு சொல். அது ஒரே தளத்தில்தான் சாய்வைத் திருத்தும். தலை-கால் திசையில் மார்பகத்தின் வடிவ மாற்றம் அதற்குத் தெரியாது. மைய ஸ்லைஸ் அழகாக இருக்கும், மடிப்பில் போய்ப் பார்த்தால் 112% நிற்கும். உள்பக்க ஃபீல்டில் உலோக வெட்ஜ் வைத்தால் சிதறல் வலது மார்பகத்துக்கும் போகும். சீரான டோஸ் நோயாளிக்கு நேரடியாகவே உதவுகிறது: 2008-இல் வந்த கனடா ஆய்வில் ஈரமாகத் தோல் உரிவது வெட்ஜ் பிரிவில் 47.8%, ஐ.எம்.ஆர்.டி. பிரிவில் 31.2%.

---

மூச்சுக்கணக்கு

டெக்னாலஜிஸ்ட் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன். கேட்டிங் கருவி இல்லாமல் முடியும். லண்டன் ராயல் மார்ஸ்டனின் ஹார்ட்ஸ்பேர் ஆய்வில், நோயாளி தானாக மூச்சைப் பிடிக்கும் முறையையும் வால்வு வைத்து மூச்சை நிறுத்தும் கருவியையும் ஒப்பிட்டார்கள். மறுபடி மறுபடி ஒரே நிலைக்கு வருவதில் இரண்டும் சமமாக இருந்தன. தானாகப் பிடிக்கும் முறைக்கு நேரம் குறைவு. நோயாளிகளும் அதையே விரும்பினார்கள்.

செய்முறை இப்படி. சி.டி.க்கு முந்தைய நாளே பயிற்சி கொடுத்துவிடுங்கள். இரண்டு முறை இழுத்து விட்டு, மூன்றாவதில் வசதியான அளவு இழுத்து 20 விநாடி பிடிக்கச் சொல்லுங்கள். முழு மூச்சு வேண்டாம். உச்சம்வரை இழுத்தால் 10 விநாடியிலேயே நழுவும். முதுகை வளைத்து மார்பைத் தூக்குகிறாரா என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள். சந்தேகம் வந்தால் முதுகுக்கும் போர்டுக்கும் நடுவில் கையை நுழைத்துப் பார்க்கலாம். முதுகால் தூக்கினால் மேலே தோல் குறி சரியான உயரத்தில் இருக்கும். உள்ளே இதயம் நகர்ந்திருக்காது. மேற்பரப்பை மட்டும் பார்க்கும் எந்த முறையையும் இது ஏமாற்றும்.

மெஷினில் சாதாரண மூச்சில் டாட்டூவுக்கு நிறுத்தி, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, லேசர் பக்கக் குறியிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்று சி.டி. அன்று குறித்த அளவோடு ஒப்பிடுங்கள். டேன்ஜென்டில் லைட் ஃபீல்டின் விளிம்பைத் தோலில் வரைந்துகொண்டால், கன்சோலிலிருந்து கேமராவில் அந்தக் கோடும் வெளிச்சமும் ஒட்டி நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே பீமை ஓட்டலாம். விலகினால் நிறுத்துங்கள். முதல் மூன்று நாள் போர்ட்டல் படத்தில் (சிகிச்சைக் கதிரிலேயே எடுக்கும் படத்தில்) நுரையீரலின் நடு அகலத்தை அளந்து பிளானோடு ஒப்பிடுங்கள், 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் பயிற்சியை மறுபடி தொடங்க வேண்டும்.

நுட்பத் தேர்வுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. 2.67 கிரேக்கு ஃபீல்டு-இன்-ஃபீல்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 150 எம்.யூ. நிமிடத்துக்கு 600 எம்.யூ. வேகத்தில் 15 விநாடி. ஒரே மூச்சில் ஒரு பக்கம் முடிந்துவிடும். சப்-ஃபீல்டுகளைத் தனித்தனி பீமாக அனுப்பாமல் ஒரே பீமுக்குள் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் நடுவில் வீணாகும் நேரம் மூச்சைத் தின்றுவிடும். வி-மேட் ஆர்க் ஒன்று முடிய ஒரு நிமிடம் ஆகும். நடுவில் இரண்டு மூன்று முறை பீமை நிறுத்த வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேண்ட்ரி சற்றுப் பின்வாங்கி மறுபடி தொடரும். நோயாளி களைத்துப்போன நாளில் இது நன்றாகவே தெரியும்.

---

கிளிப்_ஐந்து

புற்றுநோய் மருத்துவராகச் சில வார்த்தைகள்.

எல்.ஏ.டி. 19 கிரே ஏற்கத்தக்கதல்ல. ஜெர்மானிய டெக்ரோ குழு 2019-இல் தந்த அளவுகளை நான் வைத்துக்கொள்கிறேன்: இதயச் சராசரி 2.5 கிரேக்குள், எல்.ஏ.டி. சராசரி 10 கிரேக்குள். உங்கள் மூன்று பிளானிலும் எதுவும் இந்த இரண்டையும் தொடவில்லை. வி-மேட்டின் 11 கூட வெளியேதான் நிற்கிறது. எனவே மறு சி.டி. வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை.

பூஸ்ட்டை இப்போதே தீர்மானியுங்கள். முழு மார்பகப் பிளான் முடிந்த பிறகு யோசிக்கும் விஷயமல்ல அது. குழி 4.5 செ.மீ. ஆழம் போகிறது. 12 எம்.இ.வி. எலக்ட்ரானின் 90% டோஸ் போய்ச் சேரும் ஆழம் 3.7 செ.மீ.க்கு அருகில்தான்; குழியின் அடி குளிர்ந்துவிடும். ஆற்றலை ஏற்றினால் அடியைப் பிடிக்கலாம், ஆனால் மிச்சம் நுரையீரலில் இறங்கும். இவருக்குச் சிறிய டேன்ஜென்ட் ஃபோட்டான்தான் பொருத்தம். அல்லது 15 பிராக்‌ஷனுக்குள்ளேயே குழிக்கு 48 கிரே வரும்படி சேர்த்துக் கொடுக்கலாம். ஆர்.டி.ஓ.ஜி. 1005 ஆய்வில் முழு மார்பகத்துக்கு 40, குழிக்கு 48. 2023-இல் வந்த இம்போர்ட் ஹை ஆய்வில் முழு மார்பகத்துக்கு 36, குழியைச் சுற்றிய மார்பகப் பகுதிக்கு 40, குழிக்கு 48. பின்னதில் 5 ஆண்டுகளில் அதே மார்பகத்தில் மீண்டும் வந்தது வழக்கமான பூஸ்ட்டில் 1.9%, 48 கிரேயில் 2.0%, 53 கிரேயில் 3.2%. 53-இல் பயன் கூடவில்லை, மார்பகத் திசுவின் இறுக்கம் கூடியது. சேர்த்துக் கொடுப்பதானால்தான் ஹைப்ரிடுக்கு உண்மையான வேலை வருகிறது, ஏனென்றால் ஃபீல்டு-இன்-ஃபீல்டில் 48-ஐக் குழியோடு நிறுத்துவது சிரமம். 43 கிரே வளையம் பாதி மார்பகத்துக்குப் பரவும்.

வி-மேட்டை நான் முழுதாகத் தள்ளவில்லை. உள் மார்பக நெறிக்கட்டு சேரும்போது, மார்புக் கூடு குழிந்திருக்கும்போது, இரு பக்கமும் ஒன்றாகச் சிகிச்சை செய்யும்போது அது தேவை. அப்போதும் முழு ஆர்க் வேண்டாம். டேன்ஜென்ட் கோணங்களைச் சுற்றி 50–60 பாகை வீதம் இரண்டு துண்டு ஆர்க், நடுவில் பீம் இல்லை. வி5-உம் வலது மார்பகமும் கணிசமாக இறங்கும்.

குப்புறப் படுக்க வைப்பதைப் பற்றி யாராவது கேட்பார்கள். பெரிய மார்பகத்தில் நுரையீரலுக்கு அது நல்லது. இடது பக்கத்தில் இதயம் முன்னோக்கிச் சரியும் என்பதை மறந்துவிடக் கூடாது; ஹார்ட்ஸ்பேரின் அடுத்த கட்டத்தில் பெரிய மார்பகம் உள்ளவர்களிலும் மூச்சுப் பிடிப்புதான் இதயத்தை நன்றாகக் காத்தது.

---

தொடுகோடு

மறு சி.டி. எடுத்தாயிற்று. 22 விநாடி நன்றாகவே பிடிக்கிறார். மூச்சுப் பிடிப்பில் ஃபீல்டு-இன்-ஃபீல்டு, 6 எம்.வி.யோடு 25% 10 எம்.வி.: கவரேஜ் 96%, ஹாட்ஸ்பாட் 106.5%, இதயம் 1.7, எல்.ஏ.டி. 7 கிரே, வலது மார்பகம் 0.5. டாக்டர் பூஸ்ட்டைச் சேர்த்து 48 கிரே கொடுக்கலாம் என்கிறார். அதற்கு ஹைப்ரிட் போடுகிறேன். 25% ஐ.எம்.ஆர்.டி. பங்குக்குத் தோலுக்கு வெளியே ஃப்ளாஷ் (தோலைத் தாண்டி நீளும் கதிர் ஓரம்) எப்படிக் கொடுப்பது?

---

பிளான்ரூம்

எண்கள் அருமை. திறந்த டேன்ஜென்டில் 2 செ.மீ. காற்று இருக்கிறதல்லவா, அதுவே டோஸின் 75%-க்குப் பாதுகாப்பு. ஹைப்ரிடின் நல்ல அம்சமே அதுதான். மார்பகம் வீங்கினாலும் மூச்சு சில மி.மீ. மாறினாலும் பெரும்பகுதி டோஸ் அசையாது.

மீதி 25%-இல் உங்கள் இலக்கு குழிதான் என்றால், குழியின் பி.டி.வி. தோலிலிருந்து 5 மி.மீ. உள்ளே நிற்கும்வரை ஃப்ளாஷ் தேவையே இல்லை. முழு மார்பகத்தையும் அந்தப் பங்கால் திருத்துவதானால் இரண்டு வழி. ஒன்று, டி.பி.எஸ்.ஸில் (பிளான் போடும் மென்பொருளில்) ஸ்கின் ஃப்ளாஷ் கருவி இருந்தால் ஃப்ளூயன்ஸை 2 செ.மீ. வெளியே நீட்டுவது. இன்னொன்று, தோலுக்கு மேல் 1 செ.மீ. போலி போலஸ் (தோல்மேல் வைக்கும் திசு போன்ற அடுக்கு) வரைந்து, பி.டி.வி.யை அதற்குள் நீட்டி ஆப்டிமைஸ் செய்து, பிறகு போலஸை எடுத்துவிட்டு இறுதிக் கணக்குப் போடுவது. போலஸுக்கு நீரின் அடர்த்தி கொடுத்தால், எடுத்த பிறகு டோஸ் சில விழுக்காடு ஏறி நிற்கும். −400, −500 எச்.யூ. (சி.டி.யில் அடர்த்தியைக் காட்டும் அலகு) கொடுத்தால் அந்த ஏற்றம் குறையும். எடுக்க மறந்து பிளானை அனுப்புவதும் நடக்கக்கூடியது. பிளான் செக் தாளில் இதற்கென்று ஒரு வரி வைத்துவிடுங்கள்.

பேஸ் டோஸாகத் திறந்த டேன்ஜென்டை வைத்து அதன் மேல்தான் ஆப்டிமைஸ் செய்ய வேண்டும். இரண்டையும் தனியாகப் போட்டுக் கூட்டினால் ஹாட் இரட்டிப்பாகும். குழியைச் சுற்றி 1 செ.மீ. விட்டு ஒரு வளையம் வரைந்து, வளையத்துக்கு வெளியே உள்ள மார்பகத்துக்கு 43 கிரே மேல்வரம்பு கொடுங்கள். எஞ்சிய மார்பகத்துக்குச் சராசரி டோஸ் வரம்பும் சேருங்கள், இல்லையென்றால் ஆப்டிமைசர் 42.8-இல் எல்லா இடத்தையும் நிரப்பிவிட்டு வரம்பை மீறவில்லை என்று காட்டும். மூச்சுப் பிடிப்பு என்பதால் ஐ.எம்.ஆர்.டி. பீம்களையும் டேன்ஜென்ட் கோணங்களிலேயே வையுங்கள். குழிக்காக முன்-சாய்வில் ஒன்று கூடுதலாகப் போட்டாலும் ஒவ்வொன்றும் 20 விநாடிக்குள் முடிகிறதா என்று எம்.யூ.வைப் பாருங்கள்.

கணக்குக்குப் பென்சில் பீம் அல்காரிதம் வேண்டாம். மூச்சுப் பிடிப்பில் நுரையீரல் அடர்த்தி இன்னும் குறைவு, மார்புச் சுவரை ஒட்டிய டோஸை அது கூடுதலாகக் காட்டும். ட்ரிபிள்-ஏ, அக்யூராஸ், மான்டி கார்லோ எதுவானாலும் சரி, கிரிட் 2.5 மி.மீ. அல்லது அதற்குக் கீழே. நோயாளிக்கான க்யூ.ஏ. (மெஷினில் அளந்து சரிபார்ப்பது) ஐ.எம்.ஆர்.டி. பங்குக்கு மட்டும் போதும்: காமா (கணக்கும் அளவும் ஒத்துப்போகிறதா என்ற சோதனை) 3%, 2 மி.மீ., 95% தேர்ச்சி. திறந்த ஃபீல்டுக்கு எம்.யூ.வைத் தனியாகக் கணக்கிட்டு ஒப்பிட்டால் போதுமானது.

---

கேண்ட்ரி305

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். குழியில் சீரம் தேங்கியிருந்தால் மூன்று வாரத்தில் அது சுருங்கும். சேர்த்துக் கொடுக்கும் பூஸ்ட்டில் 48 கிரே முதல் நாள் குழியின் அளவுக்குப் பூட்டப்பட்டிருக்கும். 8-ஆவது பிராக்‌ஷன் வாக்கில் கிளிப்புகளின் இடத்தைக் கோன்-பீம் சி.டி.யில் (சிகிச்சை மெஷினிலேயே எடுக்கும் சி.டி.) பாருங்கள், அதையும் மூச்சைப் பிடிக்க வைத்தே எடுங்கள். மார்பக வெளிக்கோடு 1 செ.மீ.க்கு மேல் மாறியிருந்தாலோ கிளிப்புகள் பி.டி.வி. விளிம்பைத் தொட்டாலோ மறு பிளான்.